பதிலளிப்பவர் எண் இருபத்து மூன்று

பாடத்தின் பெயர் சட்டமும் சமூகமும்.
அந்த இரண்டு 'உம்'களைத்தான்
மூன்று வருடமாகப் படிக்கிறோம்
என்பாள் பக்கத்து பெஞ்சு பர்வீன் தாஜ்.

கள ஆய்வுக்கு நாற்பது பேர்.
சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம்.
மார்ச் மாதம்தான், ஆனாலும் வேலூர்.
வேப்பமர நிழல் நகர நகர
கட்சிக்காரர்களும் நகர்ந்து உட்கார்கிறார்கள்,
அவர்கள் பின்னால் நான்,
வினாத்தாள் அட்டையோடு.

ஏழாவது கேள்வி:
சட்டத்தின் மேல் உங்கள் நம்பிக்கை
ஒன்று முதல் ஐந்துக்குள் எவ்வளவு?

ஒடுகத்தூர்க்காரருக்கு வரப்புத் தகராறு.
ஒன்றேமுக்கால் அடி, பதினொரு வருடம்.
"அஞ்சு போட்டா சீக்கிரம் முடிச்சிக் குடுப்பாங்களா?"
ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன்,
விவாகரத்து மனு:
"இன்னிக்கா, மொத்தமாவா?"
பேரணாம்பட்டிலிருந்து வந்த பீடி சுற்றும் அம்மாள்
முழங்காலை நீவிக்கொண்டே சொன்னாள்:
"குந்த ஒரு பெஞ்சு போட்டா மூணு."

எல்லாவற்றையும் எழுதினேன்.
பெஞ்சை எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

தொழிலாளர் நீதிமன்ற வராந்தா.
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்:
ரேணுகாம்பாள், ரேணுகாம்பாள், ரேணுகாம்பாள்.
எங்கள் ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்.
திரும்பிப் பார்த்தேன்.
செருப்பை வாசலில் விட்டு
கோயிலுக்குப் போகிற மாதிரி உள்ளே போனாள்
என் அம்மா.
காலை ஆறு மணிக்கு ஓவர்டைம் என்று
கம்பெனி வேனில் ஏறியவள்.

ஒன்றரை நிமிடம்.
வெளியே வந்தாள். வாய்தா.

என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.
என்ன பேசுவது என்று தெரியாமல்
முதல் கேள்வியைக் கேட்டேன்.
பெயர்?
இனிஷியலோடு சொன்னாள்.
வயது? யோசித்தாள்.
தொழில்? ஷூவுக்கு மேல்தோல் தைப்பது.
வழக்கு? வேலை நீக்கம், பழைய கம்பெனி.
"ஒன்னுக்குப் போறதுக்கு டைம் குறிச்சாங்க.
ஏன்னு கேட்டேன்."
எத்தனை வருடமாக? ஆறு.

ஆறு வருடம் முன்னால் நான் பத்தாவது.
கம்பெனி மாறிட்டேன் என்றாள் ஒரு நாள்,
சம்பளம் இங்க பரவாயில்ல என்றாள்.
சில வியாழக்கிழமைகளில் பேக்கரி பன் வரும்,
ஓவர்டைம் காசு என்று நானும் தம்பியும்
பிய்த்துத் தின்போம்.

வீட்டில் யாருக்காவது தெரியுமா?
"அது உன் பேப்பர்ல கீதா?"
இல்லை.
"அப்ப அடுத்தது கேளு."

ஏழாவது கேள்வியைக் கேட்டேன்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
அட்டையை எட்டிப் பார்த்து
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:
"இன்னா போட்டா உனுக்கு மார்க் வரும்?"

(உறவினரை ஆய்வில் சேர்க்கக் கூடாது.
முறையியல், மூன்றாம் அலகு, நானே பரீட்சையில் எழுதியது.
என் அறிக்கையில் இருபத்திரண்டுக்குப் பிறகு
இருபத்து நான்கு வரும்.
வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர்
அந்த இடத்தில் விரலை வைத்தார்.
தட்டச்சுப் பிழை என்றேன்.
ஐந்து மதிப்பெண் போனது.)

புது பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்.
பெண்களுக்கான காசில்லாத சீட்டு இரண்டு.
கொணவட்டம் தாண்டியதும்
பையிலிருந்து ஒரு கத்தைத் தாள் எடுத்தாள்.
எதிர்த் தரப்பின் பதில் மனு, ஆங்கிலம்,
மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது.
"நாலு வருஷமா கையில கீது. படிச்சி சொல்லு."

ஜன்னல் ஓரம் பாலாறு, மணலும் முள்ளும்.
நான் தமிழாக்கிக்கொண்டே வந்தேன்.
முதல் பத்தி: மனுதாரர் கூறுவது மறுக்கப்படுகிறது.
இரண்டாம் பத்தி: முற்றிலும் மறுக்கப்படுகிறது.
மூன்று, நான்கு, ஐந்து: மறுக்கப்படுகிறது.

அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.
"கக்கூஸு ஒன்னு இருந்திச்சின்னாவது
ஒத்துக்கினு கீறாங்களா, பாரு."

பொய்கை, பொய்கை, இறங்கு என்றார் கண்டக்டர்.
நான் ஆறாவது பத்தியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.